வரையறுத்தாளல்: மம்தானியின் ஆராய்ச்சியும் தென்காசி – குற்றாலச் சான்றும்

ஆப்பிரிக்க அரசியலையும் காலனி ஆட்சியின் வரலாற்றையும் ஆராய்ந்த அறிஞர் ஒருவரின் நூல்களைத் தமிழ்த்துறை ஆய்விதழில் மதிப்பிடப் புகுதல் சிலர்க்குப் பொருந்தாச் செயலாகத் தோன்றலாம். அரசியலார்க்கும் வரலாற்றார்க்கும் உரிய பொருள் இலக்கிய மாணாக்கர்க்கு எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. ஆயின் மகமூது மம்தானி அவர்கள் அரைநூற்றாண்டாக வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு நாடுகளை முன்வைத்து எழுப்பிவரும் வினா ஒன்றே. ஒரு மக்கட் கூட்டத்திற்கு இன்ன பெயர், இன்ன இடம், இன்ன வழக்காறு என வரையறுத்தவர் யாவர்? அவ்வரையறையைக் கொண்டு ஆண்டவர் யாவர்? இவ்வினா தமிழியலின் வாயிலிலும் வந்து நிற்கின்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தையும் தர்சுடனின் தொகுதிகளையும் மாவட்ட விளக்கச் சுவடிகளையும் அன்றாடம் எடுத்தாளும் நாம், அவற்றின் பெயரீடுகளை எவ்வளவு ஏற்கலாம், எங்கே மறுக்கவேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இன்றியே பெரும்பாலும் நடந்து வந்துள்ளோம். மம்தானி தரும் அளவுகோல் நமக்கு ஆகுமா என்பதைத் தென்காசி, குற்றாலம் என்னும் சிறு நிலப்பரப்பின் சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். பெரிய கொள்கைகளைச் சிறிய இடத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. அங்கே அவற்றின் பொருத்தமும் வழுவும் ஒருங்கே புலனாகும்.

முதற்கண் அறிஞரின் வாழ்க்கையைச் சுருங்கக் காண்போம். மம்தானி 1946ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தவர். உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் வளர்ந்தவர். 1963இல் உதவித்தொகை பெற்று அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1965இல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொள்ள மாண்ட்கோமரி நகருக்குப் போய்ச் சிறைப்பட்டார். காவல் துறையினர் வினவியபோதுதான் மார்க்சு என்னும் பெயரையே தாம் கேள்வியுற்றதாக அவர் பின்னாளில் நகைச்சுவையுடன் கூறியதுண்டு. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1972இல், உகாண்டாவில் ஆய்வு நிகழ்த்திக்கொண்டிருந்தபொழுது, ஆசிய வழியினர் தொண்ணூறு நாளில் நாட்டை விட்டு வெளியேறவேண்டும் என இடி அமீன் பிறப்பித்த ஆணை அவரையும் வெளியேற்றிற்று. இலண்டனில் ஏதிலியர் முகாமில் தங்கினார். அத்துயரை 1973இல் வெளிவந்த ‘ஃபிரம் சிட்டிசன் டு ரெஃப்யூஜி’ என்னும் சிறு நூலில் எழுதினார்.

அதன்பின் தாரெசலாம் பல்கலைக்கழகத்தில் 1979 வரை ஆசிரியப் பணி. அமீன் வீழ்ந்தபின் கம்பாலா மக்கரேரே பல்கலைக்கழகம். 1984இல் ஒபோத்தே அரசைக் குறைகூறியமையால் குடியுரிமை பறிக்கப்பட்டு, இரண்டாம் முறையாக நாடற்றவரானார். ஆட்சி மாறியபின் உகாண்டாவின் ஊராட்சி முறையை ஆராய அமைக்கப்பெற்ற குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1996இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியற் பேராசிரியராய் அமர்ந்து, ஆப்பிரிக்காவைப் பற்றி எதை எவ்வாறு கற்பிப்பது என்பதில் எழுந்த பூசலால் 1999இல் அங்கிருந்து நீங்கிக் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். 2010 முதல் 2022 வரை மக்கரேரே சமூக ஆராய்ச்சி நிறுவனத்தை இயக்கினார்.

இவ்வரலாற்றில் நாம் கருதற்குரியது ஒன்றுண்டு. வெளியேற்றப்பட்டவன் வெளியேற்றியவனைப் பழித்தல் உலகியல்பு. மம்தானி அவ்வளவில் நின்றாரல்லர். அமீனின் ஆணையை உகாண்டா மக்களிற் பலர் வரவேற்றது எதனால் என வினவினார். ஆசிய வழியினரை ஓர் ‘இனம்’ என ஒரு சட்டத்தின்கீழும், ஆப்பிரிக்கரைப் பல ‘குலக்குழுக்கள்’ எனப் பல வழக்காறுகளின்கீழும் பிரித்து வைத்தது பிரித்தானிய ஆட்சி என்றும், அமீன் அப்பிரிவினையைப் படைத்தவன் அல்லன், மரபுரிமையாகப் பெற்றவன் என்றும் கண்டார். தம் துயரத்தை ஆராய்ச்சி வினாவாக மாற்றிக்கொண்ட இவ்வாண்மை அவருடைய எல்லா நூல்களுக்கும் வேராகும்.

நூல்கள் பலவற்றுள் இரண்டே ஈண்டு நமக்கு வேண்டுவன. முதலாவது 1996இல் வந்த ‘சிட்டிசன் அண்டு சப்ஜெக்ட்’. தலைப்பினை ‘உரிமைக்குடியும் ஆட்படுகுடியும்’ எனப் பெயர்க்கலாம். காலனி அரசு இரு முகம் உடையது என்பது இந்நூலின் கொள்கை. நகரத்தில் வெள்ளையர்க்குப் பொதுச் சட்டமும் உரிமைகளும். நாட்டுப்புறத்தில் ஆப்பிரிக்கர்க்கு வழக்காறு என்னும் பெயரால் தலைவன் ஒருவனின் கட்டற்ற அதிகாரம். தீர்ப்பளிப்பவனும் தண்டுபவனும் தண்டிப்பவனும் அத்தலைவனே. இம்மறைமுக ஆட்சியைப் ‘பரவலாக்கிய கொடுங்கோன்மை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார் மம்தானி. விடுதலைக்குப் பின்னும் ஆப்பிரிக்க அரசுகள் நகர முகத்தில் நிறவேற்றுமையை நீக்கினவேயன்றி நாட்டுப்புற முகத்தைத் தொடவில்லை என்றும் காட்டினார். 2001இல் ருவாண்டாப் படுகொலையைப் பற்றி எழுதிய நூல் இதன் வழிவந்ததே. ஊத்து, துத்சி என்னும் பெயர்கள் பழையனவாயினும், பெல்சிய ஆட்சி 1930களில் அவற்றை அடையாள அட்டையில் எழுதி நிலைப்படுத்தியபின் அவை வேறு பொருள் பெற்றன என்பது அந்நூலின் உட்கிடை.

இரண்டாவது நூல் 2012இல் வெளிவந்த ‘டிஃபைன் அண்டு ரூல்’. ஆர்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் தொகுப்பாகிய இது அளவிற் சிறியது. கருத்தில் முன்னதினும் நமக்கு அண்மையது. ‘பிரித்தாளல்’ என்பது நாம் பள்ளி நாள்முதல் கேட்டுவரும் தொடர். மம்தானி அதனை ‘வரையறுத்தாளல்’ எனத் திருத்துகின்றார். முன்னரே இருக்கும் பிரிவுகளைப் பயன்படுத்துதல் வேறு. இவர் இன்னார் என வரையறுத்து அவ்வரையறைக்குள் வாழுமாறு செய்தல் வேறு. இவ்வரையறைக் கலை எங்குப் பிறந்தது? இந்தியாவில் பிறந்தது என்பது அவர் விடை. 1857ஆம் ஆண்டு எழுச்சியால் நிலைகுலைந்த பேரரசு, நாட்டினரைத் தன்னைப்போல் ஆக்கும் முயற்சியைக் கைவிட்டு, அவர்தம் சமயத்தையும் வழக்காற்றையும் ‘காக்கும்’ நெறியை மேற்கொண்டது. அந்நெறிக்கு அறிவுத் துணை நல்கியவர் சட்ட அறிஞர் கென்றி மேயின். 1861இல் ‘பண்டைச் சட்டம்’ பற்றிய நூலை எழுதி, 1862 முதல் 1869 வரை இந்தியத் தலைமை ஆளுநர் அவையில் சட்ட உறுப்பினராய் இருந்தவர். அவர் கருத்துகள் பின்னர் மலேயாவிற்கும் சூடானுக்கும் நைசீரியாவிற்கும் ஏறிச் சென்றன என்கின்றார் மம்தானி. மறைமுக ஆட்சியை ஆப்பிரிக்காவில் நிலைநாட்டி 1922இல் அதற்கு நூலும் எழுதிய இலுகார்டு பிரபு 1858இல் சென்னையிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. பிறந்த ஊரால் ஒருவரின் கொள்கை அமைவதில்லை. எனினும் அத்தற்செயல் சுவையுடையதே.

இனி இக்கொள்கையைத் தென்காசிக்குக் கொணர்வோம்.

மம்தானியின் வாதம் பெரும்பாலும் மேயினையும் வடநாட்டு நிகழ்ச்சிகளையும் பற்றிச் செல்கின்றது. அவர் இந்தியச் சிற்றூர் ஒன்றை நேரில் ஆராய்ந்ததும் வடக்கிலேயே; பஞ்சாபின் மனுப்பூரில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கண்டித்து 1972இல் எழுதிய நூல் அது. தெற்கை நோக்கியிருப்பாராயின் 1857 என்னும் எல்லைக்கல்லை அவர் பெயர்த்து நட நேர்ந்திருக்கும். தென்காசியைச் சூழ்ந்த நாடு பாளையங்களின் நாடு. நெற்கட்டுஞ்செவ்வல், சிவகிரி, ஊற்றுமலை, சொக்கம்பட்டி முதலியன அப்பெயர்கள். பாளையக்காரர் தம் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களையும் திருட்டினின்று காத்து, அதற்கு ஊதியம் பெற்ற முறை தேசகாவல் எனப்பட்டது. கம்பெனியின் ஏடுகளில் அவ்வூதியம் கொள்ளை எனப் பெயர் பெற்றது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் இரண்டாம் பாளையப்போர் ஒடுக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிக்கை படைக்கலம் தாங்குவதைத் தடை செய்தது. 1803இல் எஞ்சிய பாளையக்காரர்க்கு நிலையான இறைத்திட்டத்தின்படி சன்னதுகள் வழங்கப்பெற்றன. நேற்று வரை படையும் காவலும் உடைய தலைவன், இன்று இறை செலுத்தும் நிலக்கிழான், பெயர் சமீன்தார். ஒரே ஆள், ஒரே ஊர். வரையறை மட்டும் வேறாயிற்று.

இது வெறும் படைவலியின் செயல் அன்று. எது உரிமை, எது கொள்ளை. எவன் தலைவன், எவன் கலகக்காரன் என்பதைச் சட்டத்தின் சொல்லால் வகுத்த செயல் இது. 1816இல் சென்னை மாகாணத்தில் ஊர்த்தலைவரைக் கிராம முன்சீப்பு ஆக்கிச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் உரிமை தந்த ஒழுங்குமுறைச் சட்டமும் அத்தகையதே. பண்டை ஊராட்சி வழக்கிற்கு உயிர் தருவதாகவே அது பேசப்பட்டது. அவ்வாண்டிலேயே எல்லிசர் தென்மொழிகளின் உறவை நிறுவும் குறிப்பினை எழுதினார். 1818இல் மிராசு உரிமை பற்றிய வினாக்களுக்கு விடையாக ஒரு நூலும் தந்தார். வழக்காற்றைத் தேடுதல், தொகுத்தல், சட்டத்தின் நிலைக்கு உயர்த்துதல் ஆகிய மூன்றும் மேயினுக்கு நாற்பது ஆண்டு முன்னரே சென்னையில் நடைபெற்றன. மம்தானியின் சார்பில் ஒரு விடை கூறப்படலாம்: நாட்டுத் தலைவர்களைப் பயன்படுத்துதல் பழையது, மக்களின் தன்னுணர்வையே வடித்தெடுக்க முயன்றது 1857க்குப் பின்னையது என்பது. இவ்வேறுபாடு உண்மையில் அவர் நூலிலேயே உள்ளது. அதனைப் புறக்கணித்தல் முறையன்று. ஆயின் தேசகாவலைக் கொள்ளையெனப் பெயரிட்டதும், பாளையக்காரனைச் சமீன்தாராக மாற்றியதும் தன்னுணர்வைத் தொடாத செயல்கள் எனக் கொள்ளுதல் எங்ஙனம்? அமெரிக்க அறிஞர் நிக்கோலசு டர்க்சு புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் எழுதிய நூலில், அதிகாரம் போய் அரச கோலம் மட்டும் எஞ்சிய முடியை வெற்றுமுடி என்றார். ஊற்றுமலையிலும் அம்முடியைக் காணலாம். அவ்வெற்றுமுடியின் கீழேதான் இருதயாலய மருதப்பத் தேவரின் அவையில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது. வாளை இழந்தவன் சிந்துக்குச் செவி சாய்த்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமீன் இலக்கியத்தை வீழ்ச்சிக் கால இலக்கியம் என ஒரு சொல்லால் ஒதுக்குவார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரண்டாவதாக, நேர் ஆட்சியும் மறைமுக ஆட்சியும் அருகருகே இருந்த எல்லை ஒன்று இப்பகுதியில் உண்டு. குற்றாலத்திலிருந்து செங்கோட்டை ஐந்தாறு கிலோமீட்டர். குற்றாலமும் தென்காசியும் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்து கம்பெனியின் நேர் ஆட்சிக்கு உட்பட்டவை. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர் – கொச்சியைச் சார்ந்தது. திருவிதாங்கூரோ 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ரெசிடென்டின் கண்காணிப்பில் வந்த அரசு. 1811 முதல் சில ஆண்டுகள் ரெசிடென்டு மன்றோவே திவானாகவும் இருந்தார். மறைமுக ஆட்சிக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா. திருவிதாங்கூர் மன்னர்க்குரிய அரண்மனை ஒன்று குற்றாலத்திலேயே இருந்தமையும் அது பின்னர்க் கேரள அரசின் உடைமையானமையும் இவ்வெல்லை எத்துணை நெருக்கமானது என்பதைக் காட்டும்.

மம்தானியின் கொள்கைப்படி நேர் ஆட்சியின் பக்கம் பொதுச் சட்டமும், மறைமுக ஆட்சியின் பக்கம் வழக்காற்றுக் கொடுமையும் காணப்படல் வேண்டும். ஓரிடத்தில் அவ்வாறே காண்கின்றோம். கம்பெனி ஆண்ட நாட்டில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை 1843இல் நீங்கிற்று. திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்பு 1855இல்தான் அறிவிக்கப்பெற்றது. குற்றாலத்து வயலுக்கும் செங்கோட்டை வயலுக்கும் இடையே பன்னிரண்டாண்டு வேற்றுமை. ஆயின் பிறிதோரிடத்தில் நிலை தலைகீழாகின்றது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குத் துணை நின்ற சட்டம் 1939இல்தான் வந்தது. வழக்காற்றின் காவலன் எனக் கருதப்படும் மன்னன் ஒரு கையெழுத்தால் வழக்காற்றைத் தள்ளினான். பொதுச் சட்டத்தின் நாடோ, கோயில் வழக்கில் தலையிடோம் என்னும் பழைய உறுதிமொழியால் கட்டுண்டு மூன்றாண்டு பிந்திற்று. மன்னரின் ஆணைக்குப் பின்னால் ஈழவர் முதலியோரின் நெடுங்காலக் கிளர்ச்சியும் வைக்கத்தின் நினைவும் இருந்தன என்பதை மறக்கலாகாது. எனினும், மறைமுக ஆட்சி என்றாலே வழக்காறு கெட்டிப்படும் எனக் கொள்ள இவ்வெல்லைச் சான்று இடம் தரவில்லை. ஆப்பிரிக்க வரலாற்றறிஞர் தாமசு ஸ்பியர் 2003இல் எழுதிய கட்டுரையில், காலனி ஆட்சியாளர் மரபுகளைத் தம் விருப்பம்போல் புனைய இயலவில்லை என்று வாதிட்டதும் ஈண்டு ஒப்புநோக்கற்குரியது.

மூன்றாவது சான்று நம் துறைக்கே உரியது. ஆதலின் சற்று விரித்துரைப்போம். குற்றாலம் என்றவுடன் தமிழ் மாணாக்கர் நெஞ்சில் எழுவது திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த கவிராயர் அந்நூலில் வசந்தவல்லியைவிடக் குறத்தி சிங்கியையே உயிர்த்துடிப்புடன் படைத்துள்ளார். சிங்கி தன் மலையை வளம் பாடுகின்றாள், உறவு கூறுகின்றாள், தலைவியின் கையைப் பிடித்துக் குறி சொல்லுகின்றாள். பின்னர்ச் சிங்கன் அவளைக் கண்டு, உடலில் பூண்டுள்ள அணிகள் ஏது என ஐயுற்று வினவ, ஒவ்வொன்றும் இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்ற பரிசு என அவள் விடையிறுக்கின்றாள். அவ்வுரையாடலின் நகைச்சுவையை ஆய்வாளர் பலர் பாராட்டியுள்ளனர். யாம் சுட்ட விரும்புவது வேறு. அங்கே நாடுகள்தோறும் திரிதல் சிங்கிக்குப் பெருமை. அவள் மலைக்கு உரியவள்; அதே நேரத்தில் எல்லா நாட்டுக்கும் செல்பவள். மண்ணுக்குரியவள் என்பதும் ஊர்சுற்றுபவள் என்பதும் கவிராயர்க்கு முரணாகத் தோன்றவில்லை.

மம்தானியின் நூல்களைப் படித்தபின் இவ்விடம் புதிய பொருள் தருகின்றது. மண்ணுக்குரியோர் ஓரிடத்திற் பிணிக்கப்பட்டவர், இடம்பெயர்ந்தோர் வந்தேறிகள் என இரு கூறாக மக்களைப் பிரித்தமையே ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சி செய்த பெருந்தீமை என்பது அவர் முடிபு. மேய்ச்சல் தேடியோ வாணிகம் நாடியோ இடம்பெயரும் மக்கள் அவ்வரையறையில் எவ்விடத்தும் உரிமையற்றோராயினர். தமிழகத்தில் இதன் இணையைத் தேடுவார் நெடுந்தொலை செல்ல வேண்டா. 1871இல் வடநாட்டிற்கென இயற்றப்பெற்ற குற்றப்பழங்குடிச் சட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதன்கீழ் அறிவிக்கப்பெற்றோருள் குறவரும் ஒருவர். பெயர்ப்பதிவு, கைவிரற்பதிவு, காவல் நிலையத்தில் ஆள்வருகை, ஊர் விட்டு ஊர் செல்ல ஒப்புச்சீட்டு என்பன அச்சட்டத்தின் கருவிகள். உப்பும் தானியமும் சுமந்து ஊர்தோறும் விற்ற குறவர்தம் வாணிகம் புகைவண்டியாலும் அரசின் உப்புக் கொள்கையாலும் நலிந்த வரலாற்றை மீனா இராதாகிருட்டிணா 2001இல் வெளியிட்ட நூல் விளக்குகின்றது. பிழைப்பின் வழியாகிய நடையே குற்றத்தின் அடையாளமாயிற்று. எந்தத் திரிதலுக்குச் சிங்கி சிலம்பும் பாடகமும் பெற்றாளோ, அந்தத் திரிதலுக்கு அப்பெயருடையார் பதிவேட்டில் இடம் பெற்றனர்.

இலக்கியக் குறவர் வேறு, சட்டப் பட்டியலின் குறவர் வேறு என ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலக் குறவரும், குறவஞ்சிக் குறத்தியும், உப்பு வாணிகம் செய்த கூட்டத்தாரும் ஒரே மரபினர் என நிறுவுதல் எளிதன்று. ஆனால் அவரனைவரையும் ஒரு பெயரின்கீழ் அடக்கிய வேலையைச் செய்தது யார்? எட்கர் தர்சுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய நூல் அவ்வேலையில் பெரும்பங்கு கொண்டது. அந்நூலுக்கும் சட்டத்திற்கும் இடைவெளி இரண்டே ஆண்டு. குறவஞ்சியை விளக்கப் புகுவோர் தர்சுடனை எடுத்துக்காட்டிக் ‘குறவர் இயல்பு இது’ என எழுதும் வழக்கம் நம்மிடை உண்டு. அஃதாவது, பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞரின் படைப்பை இருபதாம் நூற்றாண்டுப் பதிவேட்டின் கண்கொண்டு படிக்கின்றோம். முந்தியதைப் பிந்தியது விளக்கும் இம்முறை ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது. குறவஞ்சி இலக்கியம் முழுமையும் இந்நோக்கில் மறுபடியும் படிக்கப்படல் வேண்டும். சிங்கனைத் திருட்டுத் தோற்றத்துடன் மேடையேற்றும் பிற்கால நாடகங்களும் ஆராயப்படல் வேண்டும். குறவர் வழிவந்த மாணாக்கர் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்து இப்பாடத்தைக் கேட்கின்றனர் என்பதையும் ஆசிரியர் எண்ணுதல் தகும்.

இவ்வளவும் கூறியபின் கால்டுவெல்லை விட்டுச் செல்லுதல் இயலாது. ஒரே கையிலிருந்து ஏழாண்டு இடைவெளியில் இரு நூல்கள் வந்தன. 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். முன்னது ஒரு சமுதாயத்தை ஈழத்திலிருந்து வந்தவராகவும் அறிவிற் குறைந்தவராகவும் வரையறுத்தது. அச்சமுதாயத்தின் கடும் எதிர்ப்பையும் பெற்றது. பின்னது ஒரு மொழிக் குடும்பத்தை வரையறுத்தது, இன்றும் நிற்கின்றது. மம்தானியின் அளவுகோலை அப்படியே கொண்டால் இரண்டும் வரையறுத்தாளலின் கருவிகளே எனத் தள்ளவேண்டி வரும். யாம் அவ்வாறு கருதவில்லை. ஒப்பிலக்கணத்தின் சான்றுகள் மொழியில் உள்ளன. அம்மொழியைப் பேசுவோர் எவரும் அவற்றைச் சோதித்து ஏற்கவும் மறுக்கவும் கூடும். பலர் மறுத்தும் திருத்தியும் உள்ளனர். 1849ஆம் ஆண்டு நூலின் சான்றோ பார்த்தவரின் கண்ணும் அவரது பதவியுமே. வரையறுக்கப்பட்டவர் மறுத்துப் பேச வாயில் உளதா, இலதா என்பதே இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை. எனினும் கால்டுவெல் ஒப்பிலக்கணத்திலும் மொழியிலிருந்து இனத்திற்குத் தாவும் இடங்கள் உண்டு. அவ்விடங்களில் அவர் 1849ஆம் ஆண்டுக் கால்டுவெல்லே.

வரையறுக்கப்பட்டோர் அவ்வரையறையை என் செய்தனர் என்பதில்தான் மம்தானியின் நூல்கள் எமக்கு நிறைவு தரவில்லை. சாணார் என்னும் பெயரை மறுத்த சமுதாயம் கிளர்ந்து போராடி, 1921ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் நாடார் என்னும் பெயரை அரசு ஏற்கச் செய்தது. திராவிடம் என்னும் மொழியியற் சொல் 1944இல் ஒரு கழகத்தின் பெயராயிற்று. ஆள்வோர் தந்த சொல் ஆளப்பட்டோர் கையில் படைக்கலமாயிற்று. இது வெற்றியா, வரையறையின் வலைக்குள் மேலும் புகுந்ததா என்பதில் அறிஞரிடை வேறுபாடு இருக்கலாம். இரண்டும் கலந்ததே என்பது எம் எண்ணம். ஆனால் மம்தானியின் வரலாற்றில் வரையறுப்போர் முன்னின்று நடிக்க, வரையறுக்கப்பட்டோர் நெடுநேரம் அரங்கின் பின்புறத்தே நிற்கின்றனர்.

‘டிஃபைன் அண்டு ரூல்’ நூலின் இறுதி இயலில் அவர் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றார். தன்சானியாவின் நியரேரே சட்டத்தைச் சீர்செய்து குலக்குழுப் பிரிவினையைக் கடந்ததையும், நைசீரிய வரலாற்றறிஞர் யூசுபு பாலா உசுமான் காலனி ஆவணங்களின் பெயரீடுகளை ஐயுற்று, வாய்மொழிச் சான்று உள்ளிட்ட பல சான்றுகளால் கட்சினா நாட்டின் வரலாற்றை எழுதியதையும் எடுத்துக்காட்டுகின்றார். அவ்வியலைப் படிக்கும் தமிழ் மாணாக்கர்க்கு நா. வானமாமலை நினைவிற்கு வருதல் இயல்பு. நாங்குநேரியிற் பிறந்து, நெல்லைச் சீமையின் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த அவர், கம்பெனியின் கடிதங்கள் கலகக்காரன் என்று எழுதியவனை மக்கள் என்னவென்று பாடினர் எனக் கேட்டார். பாலா உசுமானுக்கு வாய்த்த பல்கலைக்கழக ஆசிரியப் பணி வானமாமலைக்கு வாய்க்கவில்லை. ஆயினும் 1969இல் தாம் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழைக் கொண்டே அவர் ஒரு வழிமரபை உருவாக்கினார்.

அவர் பதிப்பித்தவற்றுள் கான்சாகிபு சண்டையும் ஒன்று. கம்பெனியின் படைத்தலைவனாய் நெற்கட்டுஞ்செவ்வலின் மேல் படைநடத்திப் பூலித்தேவரை வென்றவன் யூசுபுகான். பின் கம்பெனியையே எதிர்த்து, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். பூலித்தேவரைப் பாடிய அந்நாட்டு மக்களே அவரை வென்ற கான்சாகிபையும் பாடினர். மண்ணுக்குரியோன், அயலோன், நண்பன், பகைவன், இந்து, முசுலீம் என்னும் எவ்வரையறையாலும் அப்பாடலின் இரக்கத்தை விளக்கல் இயலாது. இக்கதைப்பாடலையும் பாளையங்களின் பிற பாடல்களையும் கம்பெனி ஆவணங்களுடன் வரிக்கு வரி ஒப்பிடும் பணி, தென்காசி 2019இல் தனி மாவட்டமான பின்னும், அப்பகுதியின் கல்லூரிகளில் ஆய்வாளரை எதிர்நோக்கியே உள்ளது.